உலராத் துணியும் ஓடா யந்திரமும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் இல்லத்தின் கொடிக்கயிறு வெறுங்கயிறாகிவிடும். துணிகள் யாவும் கதவுகளின் மேலும் நாற்காலிகளின் மேலும் குடிபுகும். என் அன்னையார் மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணிபுரிபவர். காலை ஏழு மணிக்குத் தூய வெள்ளுடையுடன் நிற்றல் வேண்டும். அவ்வுடையோ மூன்றே. சென்ற ஆண்டு மழையிரவொன்றில், எங்கள் சலவை யந்திரத்தின் உலர்தொட்டி சற்று முனகிவிட்டுச் சுழலாது நின்றது. மறுநாள் வந்த மெக்கானிக் ஒருவர், யந்திரத்தின் பின்மூடியைக் கழற்றாமலே, "மோட்டார் போயிட்டுது தம்பி, புதுசுதான் மாத்தணும்" என்று தீர்ப்பளித்து, அன்னையாரைத் திகைக்கச் செய்யும் ஒரு தொகையையும் கூறிச் சென்றார்.

மோட்டார் போகவில்லை. அதனை யான் அறிந்த வழியை நம் கல்லூரி அன்பர்க்கு உரைக்கவே இக்கட்டுரை எழுதலாயிற்று. இலக்கணம் பயில்வானுக்கு ஸ்பானர் எதற்கென்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைப்பாராயின், நகைக்க.

முதலில் உலர்தொட்டியின் இயல்பு அறியற்பாலது. குளிர்நாட்டு இல்லங்களில் வழங்கும் உலர்த்தி வெங்காற்றைச் செலுத்தி ஈரத்தை ஆவியாக்குவது. எங்கள் இல்லத்திலிருப்பது அதுவன்று. இரண்டு தொட்டிகளையுடைய செமி ஆட்டோமேட்டிக் யந்திரம். அதன் சிறிய தொட்டி துணியைக் காய்ச்சுவதில்லை; சுழற்றிப் பிழிவதே அதன் தொழில். 12 சென்டிமீட்டர் ஆரமுடைய தொட்டி நிமிடத்திற்கு 1300 முறை சுழலுமாயின், அதன் விளிம்பில் ஒட்டிய துணி புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 230 மடங்கு விசைக்கு ஆட்படும். துணியைத் தொட்டிச் சுவர் தடுத்து நிறுத்துகின்றது. நீருக்கோ துளைகள் வழிவிடுகின்றன. எத்துணை வலிய கைகள் முறுக்கினும் இப்பிழிவு வாராது.

இவ்வளவு வேகத்துடன் சுழலும் பொருளில் கைபட்டால் விரலும் முறியும். ஆதலின், மூடியோடு இரண்டு காவல்களை அமைத்துள்ளனர். மூடியைத் திறந்தவுடன் ஒரு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதே கணத்தில் தொட்டியின் அடியிலுள்ள பிரேக் கட்டை இறுகி அதனை நிறுத்தும். மூடினாலோ, ஒரு மெல்லிய கம்பி அக்கட்டையை இழுத்து விலக்கும். இக்கம்பியை அன்பர் நினைவிற் கொள்க.

நிற்க. பழுதுற்ற உலர்தொட்டியை நாடுவோர் முதற்கண் செய்யற்பாலது செவிசாய்த்தலே. யாதோர் ஒலியும் இல்லையெனின், மின்சாரம் மோட்டாரைச் சேரவில்லை என்க. பிளக்கில் மின்சாரம் உண்டா, டைமர் முறையாகத் திருப்பப்பட்டதா, மூடி நன்கு படிந்து சுவிட்ச்சை அழுத்துகின்றதா என்று இம்முறையே நோக்கலாம். எலி கடித்த கம்பியும் நம் ஊர்களில் அருமையன்று. தொட்டி சுழன்றும் தடதடவென்று மோதுமாயின், பெரும்பாலும் குறை துணி அடுக்கிய முறையில் உண்டு. ஈரப்போர்வை ஒருபுறம் திரண்டு கிடக்க, மறுபுறம் கைக்குட்டை ஒன்று கிடந்தால் எத்தொட்டிதான் நேராகச் சுழலும்! எடுத்துச் சீராகப் பரப்பி, துணியின்மேல் இடும் வட்டத் தகட்டையும் அழுத்தி வைத்தல் போதும்.

முனகல் மட்டும் எழுந்து சுழற்சி இல்லையாயின், அதுவே ஆராய்ச்சிக்குரியது. மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரும் முயல்கின்றது, ஏதோ ஒன்று தடுக்கின்றது, அல்லது அதன் வலிமை போதவில்லை. அப்பொழுது மீண்டும் மீண்டும் டைமரைத் திருப்புதல் பெருந்தவறு. சுழலாது நிற்கும் மோட்டார் வழக்கத்தினும் பன்மடங்கு மின்சாரத்தை உண்டு சூடேறும். நல்ல மோட்டாரும் அதனால் எரிந்துபோகும். எங்கள் வீட்டில் அன்றிரவு ஐந்தாறு முறை திருப்பினோம். தப்பியது எங்கள் நல்லூழே.

மின்னழுத்தம் குறைந்தாலும் முனகல் எழும். இவ்வகை மோட்டாரின் சுழற்றும் வலிமை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டு 180 ஆகக் குறைந்தால், வலிமை நூற்றுக்கு அறுபத்தொன்று அளவிற்குத் தாழ்ந்துவிடும். எங்கள் வீட்டு விளக்குகளோ மங்கவில்லை. அடுத்து, வெளியேறும் குழாய் மேலே மாட்டப்பட்டிருந்தால் நீர் தேங்கித் தொட்டி அதனுள் அழுந்தி நிற்கும், அதுவும் இல்லை. சிறு துணி ஏதேனும் உட்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே வீழ்ந்து சிக்கியிருக்கலாம். விளக்கொளியில் நோக்கியபோது என் தம்பியின் காலுறையொன்று அகப்பட்டது. களிப்புடன் அதனை எடுத்தேன். யந்திரம் முன்போலவே முனகியது.

பின்னர் பிளக்கைக் கழற்றி, பின்மூடியைத் திறந்தேன். தொட்டியின் மூடியை மூடியே வைத்துக்கொண்டு, அடியிலுள்ள பிரேக் வட்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். இதுவே ஐயத்தை அறுக்கும் சோதனை. எளிதாகத் திரும்புமாயின் குறை கெபாசிட்டரிலோ மோட்டாரிலோ உள்ளது. திரும்ப மறுத்தால் குறை வேறிடத்தது. எங்கள் வட்டு அசையவில்லை. முற்கூறிய மெல்லிய கம்பி நாட்பட நீண்டு தளர்ந்து, கட்டையை விலக்க இயலாது கிடந்தது. மோட்டார் இறுகிய பிரேக்கை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்ததென்க.

கம்பியின் நுனித் தகட்டில் துளைகள் வரிசையாக உள்ளன. வெற்றிச் செருக்கினால் இரண்டு துளை தள்ளி இறுக்கி மாட்டினேன். தொட்டி அழகாகச் சுழன்றது. அன்னையார் மகிழ்ந்து, வழக்கம்போல் மூடியைத் திறந்து கைநீட்டினார். தொட்டி நிற்கவில்லை! மின்சாரம் அற்றும், பிரேக் பற்றாமையால் அது விரைந்து சுழன்றுகொண்டே இருந்தது. அவர் மணிக்கட்டை யான் பற்றி இழுத்த வேகத்தில் வளையல் ஒன்று நெளிந்தது. யந்திரம் ஓடுகின்றதா என்று மட்டும் நோக்கினேனேயன்றி, நிற்கின்றதா என்று நோக்கவில்லை. பிளக்கை மீண்டும் கழற்றி, ஒரு துளை பின்வாங்கி மாட்டி, வெறுந்தொட்டியைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். மூடி திறந்த சில நொடிகளில் அது நின்றது.

வட்டு எளிதாகத் திரும்பியிருந்தால் யான் அவ்விடத்தோடு நின்றிருப்பேன். கெபாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்சாரத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதன் முனைகளைத் தொடுதல் தொழிலறிந்தார்க்கே உரியது. கெபாசிட்டரோ மோட்டாரைவிட மிக மலிவானது. ஆதலின், மோட்டாரை மாற்றுக என்பாரிடம், கெபாசிட்டரைச் சோதித்தீரா என்று வினவுதல் நன்று.

மறுநாட் காலை வெள்ளுடை சற்றே ஈரத்துடன் இருந்தது. மின்விசிறியின்கீழ் அரைமணி நேரம் தொங்கவிட்டு அன்னையார் உடுத்திச் சென்றார். இப்பொழுதெல்லாம் அவர் மூடியைத் திறந்தபின் தொட்டி அசைவற்று நிற்கும்வரை வாய்விட்டு எண்ணுகின்றார். எண்ணி முடித்த பின்னரே கைநீட்டுகின்றார்.