வெயிலில் டயர் காற்றை இறக்கலாமா?

கோடை உழவும் கரும்பு வெட்டும் ஒன்றாக வரும் நாட்களில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. காலையில் வயலில் உழும் வண்டி, நண்பகலில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஆலைக்குப் போகிறது. வழியில் நிறுத்தி டயரில் காற்று எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்த்தால், காலையில் இருந்ததைவிடக் கூடுதலாகக் காட்டும். டயர் வெடித்துவிடுமோ என்று பயந்து, வால்வை அழுத்திக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கம் டயரைக் காப்பாற்றுவதில்லை. அதன் ஆயுளைத்தான் குறைக்கிறது.

காற்று கூடியதாகக் காட்டுகிறதே, புதிதாகக் காற்று எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. டயருக்குள் காலையில் இருந்த அதே காற்றுதான் மத்தியானமும் இருக்கிறது. காற்றின் நுண்ணிய துகள்கள் ஓயாமல் ஓடி டயரின் உட்சுவரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. இந்த மோதல்தான் அழுத்தம். சூடு ஏறினால் துகள்களின் வேகம் கூடுகிறது, மோதலும் பலமாகிறது. டயர் அதிகம் விரிந்து கொடுக்காது என்பதால் அழுத்தம் உயர்ந்துதான் ஆகவேண்டும். சாண எரிவாயுக் கலத்தில் மிதக்கும் இரும்பு டிரம் இப்படியல்ல. அதற்குள் வாயு சூடேறினால் டிரம் மேலே எழும்பி இடம் கொடுத்துவிடும். டிரம்மின் எடைக்குத் தக்க அழுத்தமே நிற்கும். டயருக்கு அந்த வசதி இல்லை.

பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த அமாண்டன் என்ற அறிஞர் 1702ஆம் ஆண்டு வாக்கிலேயே இதை அளந்து பார்த்தார். அடைபட்ட காற்றைக் குளிர்ந்த நீரின் சூட்டிலிருந்து கொதிநீரின் சூட்டுக்குக் கொண்டுபோனால் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று கண்டார். இன்றைய கணக்கும் அதை ஒட்டியே இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, சூட்டைச் சைபரிலிருந்து எண்ணக்கூடாது. செண்டிகிரேடு அளவோடு 273ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டுமே. வெளிக்காற்று சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்துகிறது. அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு டிரெய்லர் டயரில் விடியற்காலை 27 டிகிரி சூட்டில் கேஜ் 50 பவுண்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றையும் சேர்த்தால் 65. சூட்டின் கணக்கு 27ம் 273ம் சேர்ந்து 300. நண்பகலில் பாரத்தோடு ரோட்டில் ஓடி டயருக்குள் 57 டிகிரி ஆகிவிட்டால் இது 330. அதாவது பத்தில் ஒரு பங்கு கூடுதல். ஆகவே அழுத்தமும் 65லிருந்து எழுபத்தொன்றரை ஆகும். கேஜில் ஐம்பத்தாறரை பவுண்டு தெரியும். ஆறரை பவுண்டு ஏறிவிட்டதே என்று 50க்கு இறக்கிவிட்டால், மறுநாள் விடியலில் டயர் குளிர்ந்ததும் கேஜ் 44தான் காட்டும். டிரைவர் பார்க்காமல் பாரம் ஏற்றினால் 6 பவுண்டு குறைவான டயரில் வண்டி ஓடுகிறது.

காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். மடங்குவதாலேயே ரப்பர் சூடேறும். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். வெடித்துவிடும் என்று பயந்து காற்றை இறக்கிய டயர், இறக்கியதனாலேயே வெடிப்பதும் உண்டு. டயர் கம்பெனியார் குறிக்கும் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. ஓட்டத்தில் அழுத்தம் ஏறும் என்பதை அறிந்தே அந்த அளவைக் குறிக்கிறார்கள்.

ஆகவே காற்றுப் பார்க்க ஏற்ற நேரம் விடியற்காலை, வண்டியை எடுக்கும் முன். ஒரு பக்கம் வெயில்பட நின்ற வண்டியில் இரண்டு பின் டயர்களும் வேறு வேறு அளவு காட்டும். நிழலில் நிறுத்தி ஆறவிட்டுப் பார்ப்பதே சரி. கடைக்குப் போய்த்தான் காற்று அடிக்க வேண்டும் என்றால், கொஞ்சத் தூரம் ஓடியதற்குள் டயர் சூடாகியிருக்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்து, எவ்வளவு குறைகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போனால், அந்தக் குறையை மட்டும் சேர்த்து அடிக்கச் சொல்லலாம். டயருக்கு ஆகும் செலவைப் பார்த்தால் கேஜின் விலை பெரிதல்ல.

வயலில் உழும்போது பின் டயரில் காற்றுக் குறைவாக வைப்பது வேறு விஷயம். டயர் மண்ணில் பரவிப் பிடிக்கவும், நிலம் இறுகாமல் இருக்கவும் அப்படி வைக்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை டிராக்டர் கையேடு சொல்லும். அதே காற்றோடு பாரம் இழுக்க ரோட்டுக்கு வரக்கூடாது என்பதுதான் பலர் மறப்பது. பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால், வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிவைத்த பிறகே கேஜை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஜில் தண்ணீர் புகுந்து அது துருப்பிடிக்கும்.

சூட்டினால் வரும் ஆபத்தில் மிகக் கொடியது வெயிலால் வருவதல்ல, வெல்டிங்கால் வருவது. வீல் ரிம்மில் விரிசல் கண்டால் டயரைக் கழற்றாமலே பற்றவைப்பு வேலை செய்யச் சொல்வோர் உண்டு. சில நிமிடங்களில் ரிம்மை ஒட்டிய காற்று கொதிநிலைக்கும் மேல் சூடாகும். அத்துடன் சூடேறிய ரப்பரிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்பி உள்ளே சேரும். அவை தீப்பிடித்தால் அழுத்தம் கண நேரத்தில் பல மடங்காகி, டயரும் ரிம்மும் சிதறி அருகில் நிற்பவர் உயிரையே வாங்கிவிடும். காற்றை மட்டும் இறக்கிவிட்டு வெல்டிங் வைப்பதும் பாதுகாப்பல்ல. அந்த வாயுக்கள் அப்போதும் உண்டாகும். டயரை ரிம்மிலிருந்து முழுதாகக் கழற்றித் தள்ளிவைத்த பிறகே பட்டறைக்காரர் நெருப்பைக் கிட்டே கொண்டுவர வேண்டும். கழற்றி மாட்ட அரை நாள் ஆகிறது என்று அவர் அலுத்துக்கொண்டாலும் வண்டிக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது.