ஒரே நிறத்தில் ஒரு படுக்கையறை

செம்பூரில் குடியிருக்கும் என் அக்கா, தம் படுக்கையறையை ஒரே நிறத்தில் அமைக்க விரும்பினார். ஓர் இதழில் கண்ட படத்தை முன்மாதிரியாகக் கொண்டு நான்கு சுவர்களுக்கும் அடர் சாம்பல் வண்ணம் பூசச் செய்தார். திரைச்சீலை, விரிப்பு, தலையணை உறை யாவும் அதே சாம்பல். அறையின் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. கையிலிருந்த சேமிப்போடு சிறிய கடன் ஒன்றும் இதற்குச் செலவாயிற்று. அந்த ஆண்டு ஆடி மாதத்தில் மேற்குச் சுவரில் உப்புப் பூத்தது; பீரோவின் பின்புறம் பூஞ்சை படர்ந்தது; பட்டப்பகலிலும் விளக்கேற்றினால்தான் அறைக்குள் புடவையின் நிறம் தெரிந்தது. அமைதியான அறையை நாடியவருக்குக் கிடைத்தது குகை.

அவர் தேர்ந்த நிறத்தில் குற்றமில்லை. குற்றம் வரிசையில் இருந்தது. முதலில் நிறத்தை முடிவு செய்தார். பிறகு வெளிச்சத்தைப் பற்றி எண்ணினார். சுவரைக் கடைசியாகத்தான் பார்த்தார். மும்பை போன்ற கடலோர நகரில் இவ்வரிசை தலைகீழாக இருத்தல் வேண்டும். சுவர் முதலாவது, வெளிச்சம் இரண்டாவது, நிறம் மூன்றாவது. இக்கட்டுரையும் அவ்வரிசையிலேயே செல்கிறது.

சுவர் உலர்ந்திருக்கிறதா?

மும்பையின் ஆண்டு மழையில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. காற்றோடு சேர்ந்து மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அம்மழையை வெளிச்சுவர் குடித்துக்கொள்கிறது. நம்மவர்கள் வழக்கமாகத் தீபாவளிக்கு முன் வண்ணம் பூசுகிறார்கள். மழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருக்கும். பார்வைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் சுவர் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன்மேல் புட்டியும் எமல்ஷனும் ஏறினால் ஈரம் வெளியேற வழியின்றி, அடுத்த மழைக்குள் கொப்புளமாகவும் உப்பாகவும் வெளிப்படும். ஒரே நிற அறையில் இது இருமடங்கு துன்பம். பல நிறமும் சித்திரமும் உள்ள சுவரில் ஒரு கறை மறைந்துபோகும். ஒரே நிறச் சுவரில் கண் நேராக அந்தக் கறையில் போய் நிற்கும்.

ஈரத்தை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் கனமான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதவாறு சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருந்தாலோ, அவ்விடத்தில் சுவர் கறுத்திருந்தாலோ பூச்சு வேலையைத் தள்ளிப்போடுவதே நலம். பொங்கலுக்குப் பின் பூசலாம். பண்டிகை அடுத்த ஆண்டும் வரும்.

கசிவு இருந்தால் அதற்கான செலவு யாருடையது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி, வெளிச்சுவர், மொட்டைமாடி, பொதுக் குழாய்கள் ஆகியவற்றால் நேரும் கசிவைச் சரிசெய்வது சங்கத்தின் செலவு. வீட்டினுள் கழிவறை, தொட்டி முதலியவற்றால் நேரும் கசிவு அந்தந்த உறுப்பினரின் பொறுப்பு. அக்காவின் வீட்டில் கசிந்தது வெளிச்சுவர். சங்கத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் தம் கைப்பணத்தில் உள்ளே மட்டும் இரண்டு முறை புட்டி வைத்தார். வெளியில் இருந்த விரிசல் அப்படியே இருந்தது.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் வசிப்போர்க்கு ஒரு எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளைச் சுரண்டும்போது உலர் தூள் பறக்க விடாமல், சுவரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்வேளையில் வேறிடத்தில் இருப்பது நல்லது.

வெளிச்சத்தின் கணக்கு

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய் பரவக் காரணம் எனக் கருதிய அரசு, 1898இல் சட்டம் இயற்றிப் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளின் அகன்ற தெருக்களும் ஐந்து பூங்காக்களும் அந்த டிரஸ்ட்டின் திட்டத்தில் உருவானவை. அது கடைப்பிடித்த விதிகளுள் ஒன்று இங்கு நமக்குப் பயன்படும். அறையின் வெளிச்சுவரினது அடியிலிருந்து 63½ பாகைக் கோணத்தில் வானை நோக்கி ஒரு கோடு வரைந்தால், எதிர்க் கட்டடம் அக்கோட்டை மறைக்கலாகாது என்பதே அவ்விதி. எளிதாகச் சொன்னால், எதிரே நிற்கும் கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதியளவேனும் இடைவெளி விட வேண்டும்.

இன்று நாம் கட்டடத்தை மாற்ற முடியாது. ஆனால் நம் அறை இவ்விதிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று சன்னலருகே நின்று மதிப்பிடலாம். எதிரில் நாற்பது அடி உயரக் கட்டடம், இடைவெளி இருபது அடி எனில் அறைக்குப் போதிய வானம் கிடைக்கிறது. இடைவெளி பத்தடி மட்டுமே எனில், அடர் நிறச் சுவர் என்னும் ஆசையைத் தயங்காமல் விட்டுவிடலாம். தாராவியின் பல சந்துகளில் இவ்விடைவெளி கைநீட்டினால் எட்டும் அளவே. அங்கு வெளிச்சம் வாயில் வழியாகவே வருகிறது. அத்தகைய வீட்டில் சுவரும் கூரையும் வெளிர் நிறமாக இருப்பது அழகுக்காக மட்டுமன்று, மின் கட்டணத்திற்காகவும்தான்.

வண்ண நிறுவனங்கள் பலவும் தம் நிறங்களுக்கு எல்.ஆர்.வி. என்னும் எண்ணைத் தருகின்றன. ஒரு நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது என்பதை அது காட்டும். நல்ல வெள்ளை 80க்கு மேல் நிற்கும். கறுப்பு 5 அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். அக்கா தேர்ந்த சாம்பலின் எண்ணைப் பிறகு பார்த்தபோது 20க்கும் குறைவாக இருந்தது. சன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுவரே விழுங்கிவிட்டது. கடையில் வண்ண அட்டையைப் புரட்டும்போது நிறத்தின் பெயரைவிட இந்த எண்ணைக் கேட்டு வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பெயர்கள் கவிதையாக இருக்கும். எண் உண்மை பேசும்.

ஒரே நிறம் என்றால் என்ன?

பலர் நினைப்பதுபோல், எல்லாப் பொருளையும் ஒரே டப்பாவில் முக்கி எடுப்பதன்று இது. ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு, அதன் வெளிர், இடை, அடர் நிலைகளுக்குள்ளேயே அறை முழுவதையும் அமைப்பதாகும். காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் ஒரே நிறத்தில் நெய்த புடவையைப் பார்த்திருப்பீர்கள். வேறு நிறம் ஓரிழையும் கிடையாது. ஆயினும் கரை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நெசவு மாறுகிறது, அதனால் ஒளி விழும் விதம் மாறுகிறது. ஒரே நிற அறையின் இலக்கணம் முழுவதும் அப்புடவையில் இருக்கிறது.

செம்பூருக்கே உரிய இன்னொரு பாடமும் உண்டு. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ அங்குதான் இருந்தது. 1951இல் வெளிவந்த ‘ஆவாரா’ கறுப்பு வெள்ளைப் படம். மாளிகையும் சேரியும் கனவுலகும் அதில் சாம்பலின் படிநிலைகளாலேயே காட்டப்பட்டன. பார்த்தவர் எவரும் நிறம் குறைகிறது என்று எண்ணியதாகத் தெரியவில்லை. இதையே சோதனையாக்கலாம். உங்கள் அறையைக் கைப்பேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சுவர், கட்டில், திரை யாவும் ஒரே சாம்பல் பரப்பாகக் கலந்து தெரிந்தால் அறையில் ஆழமில்லை. மூன்று படிகளேனும் பிரிந்து தெரிந்தால் அமைப்பு சரி.

அந்த மூன்று படிகளை நடுத்தர வெளிச்சமுள்ள மும்பை அறைக்கு இவ்வாறு பிரிக்கலாம் என்பது என் கருத்து. சுவரும் கூரையும் 70க்கு மேற்பட்ட எண்ணில் இருக்கட்டும். திரையும் விரிப்பும் 35 முதல் 50 வரை. கட்டிலின் தலைப்பலகை, ஒரு தலையணை, விளக்கின் தண்டு போன்ற சிறியவை மட்டும் 20க்குக் கீழ். துணிக்கு எண் தரமாட்டார்கள். வண்ண அட்டையைத் துணியருகே பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த நிறம் என்பது அவரவர் விருப்பம். ஆனால் சாம்பலைத் தேர்வோர் வடக்கு நோக்கிய சன்னலைக் கவனிக்க வேண்டும். நேர் வெயில் குறைவாக, வானத்தின் ஒளியே மிகுதியாக வரும் அவ்வறையில் சாம்பல் நீலம் பாய்ந்து, மழைநாளில் மருத்துவமனை வார்டைப் போல் தோன்றும். சிறிது மஞ்சள் கலந்த சாம்பலோ, சந்தன நிறமோ அங்கே பொருந்தும். மேற்குச் சன்னல் அறைக்கு மாலை வெயில் தானாகவே மஞ்சளைத் தருவதால் இளம்பச்சையும் வெளிர்நீலமும் தாங்கும். எதுவாயினும் ஒரு சிறிய மாதிரி டப்பா வாங்கி, இரண்டடிச் சதுரத்தில் பூசி, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.

பீரோவும் பாயும்

நம் வீடுகளின் படுக்கையறையில் கட்டிலுக்கு அடுத்த பெரிய பொருள் இரும்பு பீரோ. சுவரை எவ்வளவு அழகாகப் பூசினாலும், மூலையில் நிற்கும் பச்சை அல்லது பழுப்பு பீரோ அறையின் ஒருமையைக் குலைத்துவிடும். அதைத் தள்ளிவிட்டுப் புதிய அலமாரி செய்யச் சொல்வோர் பலர். அது தேவையில்லை. பட்டறையில் கொடுத்துச் சுவரின் நிறத்திற்கே ஸ்ப்ரே அடித்தால், அவ்வளவு பெரிய பொருள் கண்ணை விட்டு விலகிவிடும். வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் காற்று ஓடட்டும்.

தனிப் படுக்கையறையே இல்லாத வீட்டிற்கும் இது பொருந்தும். குடிசைப் புனரமைப்புத் திட்டங்களில் தகுதியுள்ள குடும்பத்திற்கு 300 சதுர அடி வீடு வழங்கப்படுகிறது; தாராவி மறுசீரமைப்பில் 350 சதுர அடி என அறிவிக்கப்பட்டுள்ளது. அவ்வளவில் சமையலும் படிப்பும் உறக்கமும் அடுத்தடுத்தே நடக்கும். அங்கே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவர், திரை, விரிப்பு மூன்றையும் ஒரே நிறத்தில் அமைத்தால் போதும். மூலை தனியறைபோல் பிரிந்து நிற்கும்.

துணிகளுக்கு நம் ஊரைவிட்டு அப்பால் தேட வேண்டியதில்லை. சென்னிமலைப் பருத்திப் போர்வை, வெளுக்காத காடாத் துணியில் தைத்த திரை, இயல்பான வைக்கோல் நிறத்தில் பத்தமடைக் கோரைப்பாய் ஆகிய மூன்றும் ஒரே நிறக் குடும்பம். மூன்றுக்கும் மூன்று வகை நெசவு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தாராவிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பத்தமடைப் பாய் புதிதன்று; சீர்வரிசையில் வந்து பரணில் உறங்கிக்கொண்டிருக்கும். எடுத்து உதறிக் கட்டிலின் தலைப்பக்கச் சுவரில் மாட்டலாம். பவானி ஜமக்காளம் எனக்கு மிகவும் பிடிக்கும். எனினும் அதன் வண்ணப் பட்டைகள் இவ்வறையில் உரக்கப் பேசும். அதைக் கூடத்திற்குக் கொடுத்துவிடுங்கள்.

விளக்கு எல்.இ.டி. ஆகட்டும், ஆனால் அட்டையில் 6500 கெல்வின் என்று எழுதிய நீலவெண்மை விளக்கைப் படுக்கையருகே பொருத்த வேண்டாம். 2700 கெல்வின் விளக்கு மஞ்சள் கலந்து வரும். கண்ணுக்கும் உறக்கத்திற்கும் இசைவானது.

செலவைப் பற்றிச் சில சொற்கள்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஒன்பதடி உயரம் எனில், கதவும் சன்னலும் போகச் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 350 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 60 முதல் 70 சதுர அடி வரும். ஆகவே ஐந்தரை லிட்டர் அளவில் சுவர் முடியும். வேலையாளின் மதிப்பீட்டில் பத்து லிட்டர் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

கடன் வாங்குவதாயின் எதற்கு வாங்குகிறோம் என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு இலட்ச ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் ரூ.3,321, மொத்தம் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ ரூ.1,19,570. கசிவையும் பூச்சையும் சரிசெய்ய இது நியாயமான விலை. தள்ளிப்போட்டால் சேதம் வட்டியைவிட வேகமாக வளரும். தலையணை உறைக்கும் திரைக்கும் இது நியாயமன்று. அவற்றை மாதம் ஒன்றாக, தொடர்வைப்புச் சேமிப்பிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிறத் திட்டம் என்பதால் இடையில் நிறுத்தினாலும் அறை அரைகுறையாகத் தோன்றாது. பழைய வருமான வரி முறையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்பு, புதுப்பித்தலுக்காக வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு பெறலாம். கட்டில், மெத்தை வாங்கப் பெற்ற கடனுக்கு அச்சலுகை இல்லை. எனவே இரண்டையும் ஒரே கடனில் கலக்காமல், பூச்சு வேலைக்குரிய பற்றுச்சீட்டுகளைத் தனியே வைத்திருங்கள்.

அக்காவின் வீட்டில், சங்கம் வெளிச்சுவர் விரிசலை அடைத்த பிறகு, மறுஆண்டு பிப்ரவரியில் சுவர்கள் வெளிர்ச் சந்தன நிறத்திற்கு மாறின. பழைய சாம்பல் விரிப்பு இப்போது விருந்தினர் பயன்பாட்டுக்குப் போய்விட்டது. இம்முறை பூச்சு முடிந்ததும், வண்ண டப்பாவின் மேலிருந்த நிறக்குறியீட்டையும் கலந்த நாளையும் ஒரு தாளில் எழுதி, பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். மேற்குச் சுவரில் என்றேனும் ஒரு கையளவு பூச வேண்டியிருந்தால், அதே நிறத்தைக் கேட்டு வாங்க அது போதும்.