சூடான கம்ப்யூட்டர்

அத்திபெலே ஓர் எல்லை ஊர். பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் தமிழ்நாடு. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. காலையில் துடைத்த மேசையில் மதியத்துக்குள் தூசி படிந்துவிடும்.

அந்த ரோட்டோரத்தில் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கடையை நடத்துபவர் ஒரு பெண். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் விண்ணப்பம் நிரப்பித் தருவார். நிலத்தின் பஹணி நகல் எடுத்துத் தருவார். கடை வாடகையும் வீட்டுச் செலவும் அந்த வருமானத்தில்தான்.

ஏப்ரல் மாதம். நல்ல வெயில். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி விண்ணப்பத்தோடு காத்திருக்கிறாள். அன்று மாலைதான் கடைசி நேரம். ரிப்பேர் செய்பவருக்குப் போன் போட்டார். அவர் வந்து பார்க்கவில்லை. “மதர்போர்டு போயிருக்கும். புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவர் இருந்தார். அவர் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, கரண்ட் போச்சா?”

“இல்லண்ணா. இது மட்டும் தானா அணைஞ்சு போகுது.”

“போட்டா எவ்வளவு நேரம் ஓடுது?”

“காலையில கால் மணி நேரம் ஓடுச்சு. உடனே மறுபடி போட்டா அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கல.”

“ஆற விட்டுப் போட்டா?”

“அப்போ கொஞ்சம் அதிகமா ஓடுது.”

“அப்படின்னா சூடும்மா. மோட்டாரும் இப்படித்தான். சூடானா நிக்கும், ஆறினா ஓடும். புதுசு வாங்க அவசரப்படாதே.”

பெரியவர் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். எப்போது அணைகிறது என்பதைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் எது சூடாகிறது? பெட்டிக்குள் பிராசசர் என்று ஒரு சில்லு இருக்கிறது. கணக்குப் போடுவது அதுதான். அதற்குள் கோடிக்கணக்கான மிகச் சிறிய சுவிட்சுகள் இருக்கின்றன. அவை ஒரு நொடியில் கோடிக்கணக்கான தடவை மாறுகின்றன. ஒவ்வொரு தடவையும் துளி மின்சாரம் செலவாகிறது. அது சூடாக மாறுகிறது. பல பிராசசர்கள் கடும் வேலையின்போது 65 வாட் மின்சாரம் எடுக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டால் கை சுடும் அல்லவா? அவ்வளவு சூடு, கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் பிறக்கிறது.

இந்தச் சூடு வெளியே போக ஒரு வழி வேண்டும். அதற்காகப் பிராசசரின் மேல் ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அதில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். கேழ்வரகுக் களியை உருண்டையாக வைத்தால் சீக்கிரம் ஆறாது. தட்டில் பரப்பினால் ஆறிவிடும். காற்று படும் இடம் அதிகமாவதுதான் காரணம். தகடுகளும் அதற்காகத்தான். அவற்றின் மேல் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது. தகடுகளின் சூட்டை அது காற்றோடு தள்ளிவிடுகிறது.

இந்த வழி அடைபட்டால் சூடு ஏறும். அளவு மீறினால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். பிராசசர் கருகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2001-ஆம் ஆண்டு வாக்கில் விற்ற சில பிராசசர்களுக்கு இந்தக் காவல் இல்லை. அலுமினியக் கட்டி கழன்றுவிட்டால் சில நொடிகளில் கருகிப்போயின.

பெரியவர் சொன்னபடி அந்தப் பெண் ஒரு சோதனை செய்தார். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பிறகு பிளக்கை மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டார். டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பிவைத்தார். உள்ளே கை வைக்கவில்லை. கம்ப்யூட்டர் அரை மணி நேரம் அணையாமல் ஓடியது. அதற்குள் மாணவியின் விண்ணப்பமும் போய்விட்டது. கோளாறு சூடுதான் என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

கடையை மூடும் நேரத்தில் பெட்டியைச் சுத்தம் செய்தார்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்த வேண்டும். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கரண்ட் வரும் இரும்புப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கலாம்.

விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படர்ந்திருந்தது. உண்மையில் அது கம்பளி வேலையைத்தான் செய்கிறது. கம்பளி நம் உடல் சூட்டை வெளியே விடாது. தூசியும் அப்படித்தான். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டினார்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதினார்கள். பிடிக்காமல் வேகமாக ஊதினால் விசிறி தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடலாம். ஈரத்துணி கூடவே கூடாது.

பெட்டி மேசைக்குக் கீழே, மூடிய மர அறைக்குள் இருந்தது. முதுகு சுவரை ஒட்டியிருந்தது. வெளியே வந்த சூடான காற்று மறுபடி உள்ளேயே போனது. பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தார்கள். ஓடும்போது மேலே துணி போட்டு மூடுவதையும் நிறுத்தினார்கள்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கோவிலுக்குக் காட்டும் மரியாதைபோல் தோன்றும். காரணம் தூசிதான்.

தூசி போன பிறகும் சூடு குறையாவிட்டால் பேஸ்ட்டைப் பார்க்க வேண்டும். பிராசசரும் அலுமினியக் கட்டியும் நன்றாக ஒட்டியிருப்பதுபோல் தெரியும். ஆனால் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. பள்ளத்தில் காற்று நின்றால் சூடு கடக்காது. அதை நிரப்ப ஒரு பசை தடவுகிறார்கள். அதன் பெயர் தெர்மல் பேஸ்ட். சில வருடங்களில் அது காய்ந்துவிடலாம். பழையதைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். நிறைய வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சிறு குழாயாகக் கிடைக்கும். கட்டியைக் கழற்றி மாட்டுவது பழகிய கை செய்யும் வேலை. முதல் தடவை தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டரே காட்டும். போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்-2 பட்டனைத் தட்டினால், பலவற்றில் ஒரு திரை வரும். அதில் ‘சி.பி.யு. டெம்ப்ரேச்சர்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 40, 50 டிகிரி என்றிருந்தால் கவலை இல்லை. எண் 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிடுங்கள். ‘சி.பி.யு. ஃபேன் எரர்’ என்று வந்தால், விசிறி சுற்றவில்லை அல்லது அதன் ஒயர் கழன்றிருக்கிறது.

சூட்டோடு போராடுவது சிறு கடை மட்டுமல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ‘பரம் பிரவேகா’ என்ற மாபெரும் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2022-இல் அங்கே நிறுவப்பட்டது. அதன் சூட்டைக் குளிர்விக்கக் காற்று போதாது. குழாயில் ஓடும் திரவம் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி விற்ற சிறு கம்ப்யூட்டரின் பிராசசருக்கோ விசிறியே கிடையாது. வேகம் கூடக்கூடத்தான் சூடும் கூடியது.

எல்லாம் செய்தும் அணைந்தால் கோளாறு வேறு. போட்ட நொடியிலேயே அணைந்தாலும் பெரும்பாலும் வேறுதான். எஸ்.எம்.பி.எஸ். கெட்டிருக்கலாம். அப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும். போகும்போது ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போகலாம். அந்தப் பெண் எழுதினால் இப்படி எழுதுவார்:

“போட்டு 10 நிமிடத்தில் அணைகிறது. தூசி தட்டியாகிவிட்டது. விசிறி சுற்றுகிறது. சூடு 48 டிகிரி. பேஸ்ட் மாற்றவில்லை. என்னைக் கேட்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்.”