கன்றின் குடலும் குழந்தையின் குடலும்

பெட்டாலிங் ஜெயா

அன்புள்ள தம்பி,

"பிறந்த குழந்தையின் குடல் ஒரே நாளில் மூடிக்கொள்ளுமாமே ஐயா, அதற்குள் மாட்டுச் சீம்பால் மாவு கொடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்டாய். தாமான் தாமானாக டப்பாவும் கையுமாக வருகிறவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் தீரவில்லை.

அந்த ஒரு நாள் கணக்கு கன்றுக்கு உரியது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. அதனால் பிறந்த கன்றின் இரத்தத்தில் அவை இல்லையென்றே சொல்லலாம். அதன் சிறுகுடல் உயிரணுக்கள் வந்த புரதத்தையெல்லாம் இன்னது என்று பாராமல் முழுசாக விழுங்கி உள்ளே தள்ளும். நேரம் ஆக ஆக அந்தத் திறன் குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் அற்றுப்போகும். நம் தோட்டப்புறத்து மாட்டுக்காரர்கள் கன்று விழுந்ததும் மடியில் விட்டது இதனால்தான். (சீம்பால் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் முதல் பங்கு கன்றுக்குத்தான்.)

மனிதக் குழந்தை அப்படியா? கருவின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் 'ஐஜிஜி' என்ற எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. தாயின் சீம்பாலில் மிகுந்திருப்பது 'ஐஜிஏ' என்ற இன்னொரு வகை. அது இரத்தத்துக்குள் போக வேண்டியதில்லை, குடலிலேயே இருந்து கிருமியைத் தடுக்கும். மாட்டு மாவுக்கு அங்கே என்ன வேலை?

எலி இன்னொரு விதம். அது எதிர்ப்புப் புரதத்தை ஏற்பி வைத்துத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய மூன்று வாரம் வரை உறிஞ்சும். அந்த மூன்றாம் வாரத்தில்தான் சர்க்கரையைச் செரிக்கும் சுக்ரேஸ் தோன்றுகிறது, பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் சரிகிறது. தாய்ப்பாலை நிறுத்தாமல் நீட்டித்தாலும் சுக்ரேஸ் தலைகாட்டத்தான் செய்கிறது! கருக்குடல் துண்டை வளர்ந்த எலியின் உடலில் ஒட்டவைத்தாலும், உணவே படாத அந்தத் துண்டு தன் கெடுவில் முதிர்கிறது. ஊட்டும் உணவுதான் குடலைப் பழக்குகிறது என்பவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம். கார்ட்டிசால் வகை ஹார்மோன் இந்த முதிர்ச்சியை முந்தவைக்கும், அவ்வளவுதான். மனிதருக்கோ சுக்ரேஸ் கருவிலேயே வந்துவிடுகிறது. எலியை வைத்து மனிதக் குழந்தைக்கு நாள் குறிப்பவர்களுக்கு இதையும் சொல்.

பால் வியாபாரம் இங்கே புதிதல்ல. குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின் பால் கொடுப்பதைக் கண்டித்து டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். உரையின் தலைப்பே 'பாலும் கொலையும்'.

பிராம்பெல் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதிய நூல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தால் எடு. தாயிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பாற்றல் போகும் வழியை விலங்கு விலங்காகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். மாட்டைப் பற்றிய பகுதியை முதலில் படி, முயலைப் பற்றியதையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்