அல்லங்காடியும் சார்மினாரும்

ஒரு நகரம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் அதனைப் பகலில் பார்த்தால் போதாது. இரவிலும் பார்க்க வேண்டும். பகலில் எந்த ஊரும் விழித்திருக்கும். அலுவலகமும் நீதிமன்றமும் கல்லூரியும் மக்களை இழுத்து வந்துவிடும். இரவிலோ விரும்புகின்றவரே வருவர். ஆதலின், வேலை முடிந்த பிறகும் மக்கள் தாமே நாடி வரும் இடமே நகரின் உண்மையான நடுவிடம் எனலாம்.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும், இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தனர். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகிறது. முதலில் ஆரவாரம், பின்னர்க் கடைகள் அடைபடுகின்றன, அப்பம் விற்போர் இருந்த இடத்திலேயே கண்ணயர்கின்றனர். அதற்குப் பின்னும் ஊர் முழுவதும் உறங்கிவிடவில்லை. மழை பொழியும் நள்ளிரவிலும் ஊர்க்காவலர் சோர்வின்றித் தெருக்களில் சுற்றி வருகின்றனர். விற்பவரைப் பாடிய புலவர் காப்பவரையும் சேர்த்தே பாடியிருக்கிறார். இருவரும் சேர்ந்தால்தான் இரவு நகரம் உண்டாகிறது என்பது அப்பாட்டிலிருந்து நாம் பெறும் பாடம்.

அந்தப் பாடத்தை நாம் வாழும் ஐதராபாத் நகரத்தோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நடுவிடம்

1591ஆம் ஆண்டில் முகம்மது குலி குதுப் ஷா சார்மினாரை எழுப்பினார். அதற்கு வடக்கே சார் கமான் எனப்படும் நான்கு பெரிய வளைவுகளும், அவற்றின் நடுவே குல்சார் ஹௌஸ் என்னும் நீர்த்தொட்டியும் அமைந்தன. மேற்கே வளையலுக்குப் பெயர்பெற்ற லாட் பஜார். இவ்வாறு நான்கு சாலைகள் கூடும் இடத்தில், கடைத்தெருவின் நடுவிலேயே, இந்நகரம் பிறந்தது.

1908 செப்டம்பரில் மூசியாறு பெருக்கெடுத்து நகரின் பெரும்பகுதியை அழித்தது. அதன் பின்னர் 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. அது உருவாக்கியவற்றுள் ஒன்று பத்தர்கட்டி என்னும் கருங்கல் கடைவரிசை. கீழே வளைவுகளுடன் கூடிய கடை, மேலே குடியிருப்பு என்னும் அமைப்பு அது. ஆற்றுக்கு வடக்கே 1935இல் மொஅசம் ஜாஹி சந்தை எழுந்தது. சார்மினாரிலிருந்து பத்தர்கட்டி, மதீனா சந்திப்பு, நயாபுல் பாலம் வழியாக அந்தச் சந்தைவரை நடந்தே போய்விடலாம். இதுவே பழைய ஐதராபாத்தின் நடுவிடம்.

பின்னர் நகரின் முகம் மேற்கே திரும்பியது. 1998இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அலுவலகங்கள் அங்கே பெருகின. சம்பளம் வாங்குவோர் அங்கே குடியேறினர். புதிய உணவகங்களும் கேளிக்கை இடங்களும் அவர்களைப் பின்தொடர்ந்தன. சார்மினாருக்கும் அந்தப் பகுதிக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவு. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உண்டாயின. நம் மாணவர்களுள் பலர் பட்டம் பெறும்வரை சார்மினாருக்கு ஓரிரு முறையே போயிருப்பர். அதுவும் ஊரிலிருந்து வந்த உறவினருக்குக் காட்டுவதற்காக!

ஈரானித் தேநீர்க் கடை

இந்த நடுவிடத்தை வளர்த்தவை அரண்மனைகள் மட்டுமல்ல. ஈரானித் தேநீர்க் கடைகளும்தாம். ஈரானிலிருந்து பம்பாய் வழியாக வந்தவர்கள் தெரு முனைகளில் இக்கடைகளை நிறுவினர். இரண்டு தெருக்களுக்கும் வாயில் திறந்திருக்கும். பளிங்குப் பலகை பதித்த மேசைகள், வளைந்த மர நாற்காலிகள். தேயிலைச் சாற்றை மூடிய பாத்திரத்தில் நெடுநேரம் அனலில் வைத்திருப்பர். பாலைத் தனியே சுண்டக் காய்ச்சுவர். கேட்டவுடன் இரண்டையும் சேர்த்துத் தருவர். கூடவே இனிப்பும் உப்பும் கலந்த உஸ்மானியா பிஸ்கட்.

அக்கடையின் சிறப்பு தேநீரின் சுவையோடு முடிந்துவிடவில்லை. ஒரு கோப்பை வாங்கியவர் ஒரு மணி நேரம் உட்காரலாம். எழுந்து போகச் சொல்வாரில்லை. கையில் காசு குறைந்த இருவர் ‘ஒன் பை டூ’ என்று கேட்டு ஒரு கோப்பையைப் பகிர்ந்துகொள்ளலாம். கவிஞரும் கூலியாளும் வழக்கறிஞரும் மாணவரும் அடுத்தடுத்த மேசையில் அமர்வர். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே எல்லார்க்கும் பொதுவான கூடம் ஒன்று வேண்டுமன்றோ? அதனைக் குறைந்த விலைக்கு இந்நகரத்துக்குத் தந்தவை இக்கடைகளே.

அந்த நற்குணமே இன்று அவற்றுக்குப் பகையாகிவிட்டது. தெரு முனை என்பதால் மனையின் மதிப்பு உயர்ந்துகொண்டே போகிறது. தேநீரின் விலையோ அந்த வேகத்தில் உயர முடியாது. ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரம் ஒருவர் அமர்ந்திருந்தால் கடைக்கு வருவாய் எங்கிருந்து வரும்? அடுத்த தலைமுறையினர் வேறு தொழிலை நாடுகின்றனர். இவ்வாறு ஒவ்வொன்றாக அவை மூடப்பட, அதே இடத்தில் மருந்துக்கடையோ துணிக்கடையோ வங்கியோ வருகிறது. புதிய கடை மாலையில் கதவை இழுத்துப் பூட்டியதும் அந்த முனை இருண்டுவிடுகிறது. ஒரு தேநீர்க் கடை மூடப்படுவது ஒரு தெருவிளக்கு அணைவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் மனம் தளர வேண்டுவதில்லை. சார்மினாரின் அருகிலேயே உள்ள நிம்ரா தேநீர்க் கடை 1993இல்தான் தொடங்கப்பட்டது. பழைய முறையைப் புதியவர் ஒருவர் கைக்கொண்டும் நிலைபெற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ரம்சான் மாதம் சொல்லும் செய்தி

பழைய நகர் இரவில் விழித்திருக்குமா என்று ஐயுறுவோர் ரம்சான் மாதத்தில் மதீனா சந்திப்பில் நின்று பார்க்கட்டும். நோன்பு திறந்த பின்னர் தொடங்கும் கூட்டம் விடியலுக்கு முந்திய உணவு நேரம்வரை குறைவதில்லை. கோதுமையும் இறைச்சியும் பருப்பும் பல மணி நேரம் வெந்து குழைந்த ஹலீம் அடுப்புகளில் கொதிக்கிறது. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஐதராபாத் ஹலீம் அதுதான். லாட் பஜாரில் பெண்கள் குடும்பத்தோடு வளையல் பார்க்கின்றனர். இந்துவும் முசுலிமும், தெலுங்கரும் தமிழரும் ஒரே அடுப்பின் முன்னே காத்து நிற்கின்றனர்.

அந்த ஒரு மாதத்தில் மட்டும் இது எப்படி இயலுகிறது? கட்டடங்கள் பழையனவே, தெருவின் அகலமும் அதுவே. மாறுபடுவன சில. கடைகள் நெடுநேரம் திறந்திருக்கலாம் என்பதை எல்லாரும் அறிந்திருக்கின்றனர். நடைபாதை வணிகருக்கு நிற்க இடம் கிடைக்கிறது. காவலர் எங்கும் காணப்படுகின்றனர். குடும்பங்கள் வருவதால் மேலும் குடும்பங்கள் வருகின்றன. ஆண்டுதோறும் ஒரு மாதம் இந்நகரம் தன்னைத் தானே சோதித்து வெற்றி காண்கிறது. மற்றப் பதினொரு மாதங்களுக்கு அந்த வெற்றியைச் சிறிதளவேனும் நீட்டிக்க முடியாதா என்பதே நம் கேள்வி.

பிற நகரங்கள்

இந்தூர் நகரில் சராபா என்னும் நகைக்கடைத் தெரு இருக்கிறது. இரவில் நகைக்கடைகள் கதவடைத்ததும், அவற்றின் முன்னே தின்பண்டக் கடைகள் முளைக்கின்றன. நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நிற்கிறது. ஆள் நடமாட்டம் இருப்பதால் நகைக்கடைகளுக்கும் காவலாயிற்று என்று அவ்வூரார் சொல்வர். அகமதாபாத்தின் மானேக் சவுக் காலையில் காய்கறிச் சந்தை, பகலில் நகைச் சந்தை, இரவில் உணவுச் சந்தை. ஒரே தெரு மூன்று வேலை பார்க்கிறது! சார் கமானைச் சுற்றியும் முத்துக் கடைகளும் நகைக் கடைகளும் இருப்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டதைத் தமிழ் மாணவர் அறிவர். நடப்பதற்கு இடம் கிடைத்ததும் மக்கள் கடைக்கு மட்டுமன்றி, மாலைப் பொழுதைக் கழிக்கவும் வரலாயினர். சிங்கப்பூர் தன் தெரு வணிகரை விரட்டிவிடாமல், நீர்க்குழாயும் கழிவுநீர் வசதியும் உடைய பொதுக் கூடங்களில் குடியமர்த்தியது. 2020இல் அந்த உணவுக்கூடப் பண்பாட்டை யுனெசுகோ மனிதகுல மரபாக ஏற்றது. அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961இல் எழுதிய நூலில், தெருவுக்குச் சிறந்த காவல் தெருவைப் பார்க்கும் கண்களே என்று வாதிட்டார். கீழே கடையும் மேலே வீடும் கொண்ட பத்தர்கட்டி அந்தக் கருத்துக்குக் கல்லால் எழுதிய விளக்கம் போல நிற்கிறது.

செய்ய வேண்டுவன

நம் நகரில் முயற்சியே இல்லை என்று கூறிவிட முடியாது. சார்மினாரைச் சுற்றி வண்டிகளை விலக்கி, கல்பாவி நடைவெளி அமைக்கும் திட்டம் நெடுங்காலத் தாமதத்துக்குப் பின் வடிவம் பெற்றது. மொஅசம் ஜாஹி சந்தை புதுப்பிக்கப்பட்டு 2020 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. 2019இல் யுனெசுகோ ஐதராபாத்தை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. ஆனால் கல்லைக் கழுவுவதும் விளக்குப் போடுவதும் பாதி வேலையே. மீதிப் பாதி மனிதரைப் பற்றியது.

முதலாவது, நேரம். 2023இல் தெலங்கானா அரசு கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க நிபந்தனைகளுடன் வழி செய்தது. 2024 ஆகஸ்டில், மதுக்கடை நீங்கலாக மற்றக் கடைகள் இரவு 1 மணிவரை இயங்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. விதி தாளில் இருந்தால் மட்டும் போதாது. இன்று எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும் என்பதில் கடைக்காரருக்கும் ரோந்து வரும் காவலருக்கும் ஒரே எண்ணம் இருக்க வேண்டும். ஐயம் உள்ள இடத்தில் முதல் போட எவரும் துணியார்.

இரண்டாவது, போக்குவரத்து. மெட்ரோ ரயில் 2020 பிப்ரவரியில் ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து மகாத்மா காந்தி பேருந்து நிலையம்வரை வந்தது. அங்கிருந்து பலக்னுமாவரை செல்ல வேண்டிய பாதைக்கு 2024 மார்ச்சில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. சார்மினாருக்குப் போக வழி உண்டு; நள்ளிரவில் திரும்பி வரத்தான் வழி வேண்டும். குறைந்தது வார இறுதியிலேனும் இரவுப் பேருந்துகள் ஓடுமானால் மாணவரும் தொழிலாளரும் அச்சமின்றிப் போய்வருவர்.

மூன்றாவது, நடைபாதை வணிகர். நகரை அழகுபடுத்துவோர் முதலில் விரட்டுவது இவர்களைத்தான். ஆனால் இரவுத் தெருவை முதலில் நிரப்புவோரும் இவர்களே. 2014ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுடைய வாழ்வுரிமையை ஏற்கிறது. விற்பனைக் குழுக்களில் வணிகரின் பிரதிநிதிகள் நூற்றுக்கு 40க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. அக்குழுவில் பேசி, இடமும் நேரமும் வகுத்து, குடிநீரும் குப்பைத் தொட்டியும் கொடுத்தால், ஒழுங்கும் வரும், வணிகமும் நிற்கும்.

நான்காவது, பாதுகாப்பு. பெண்கள் தயங்காமல் வரும் இரவே நல்ல இரவு. 2014இல் தொடங்கிய ‘ஷீ டீம்ஸ்’ காவற்குழுக்கள் பயனுடையவை. அவற்றோடு வெளிச்சமும் தூய கழிப்பறையும் சேர வேண்டும். கழிப்பறை இல்லாத கடைத்தெரு பெண்களிடம் ‘விரைவில் வீடு திரும்புக’ என்று சொல்லாமல் சொல்கிறது.

ஐந்தாவது, பழைய தேநீர்க் கடைகள். கட்டடத்தை மரபுச் சின்னம் என்று காக்கும் நாம், அதனுள் நடக்கும் தொழிலைக் காக்க நினைப்பதில்லை. ஒரே தொழிலை நீண்டகாலம் நடத்திவரும் கடைகளுக்குச் சொத்துவரியிலும் உரிமக் கட்டணத்திலும் சலுகை தருவது அரசுக்குப் பெரிய இழப்பாகாது.

இரவு வாழ்க்கை என்றவுடன் சிலர் முகம் சுளிக்கலாம். குடியும் கூச்சலும் அல்ல நாம் கேட்பது. பழைய நகரின் இரவு தேநீரால் ஆனது. குழந்தையைத் தோளில் சுமந்த தந்தையரால் ஆனது. அப்பகுதியில் குடியிருப்போரின் உறக்கமும் மதிக்கப்பட வேண்டும். ஆகவே, ஊர் முழுவதையும் விழித்திருக்கச் செய்ய வேண்டுவதில்லை. மதீனாவிலிருந்து சார்மினார்வரை, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், ஒலிபெருக்கி இன்றித் தொடங்கினால் போதும்.

மாணவர் கடமை

நண்பர்களே! இவற்றுள் பல அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை. நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. நம் சங்க உறுப்பினர்கள் மாதம் ஒரு மாலை பழைய நகருக்கு நடக்கலாம். எந்தத் தேநீர்க் கடை எந்த ஆண்டில் தோன்றியது, எத்தனை மணிக்கு அடைக்கிறது, எந்தக் கடை மூடப்பட்டது, அவ்விடத்தில் எது வந்தது என்பவற்றைக் கேட்டு எழுதி வைக்கலாம். கடை முதலாளியோடு பேச நமக்குத் தெரிந்த தக்கணி உருது போதும். குறையைச் சிரிப்பு நிரப்பும். ஐந்தாண்டு அவ்வாறு எழுதினால் எந்தத் துறையும் புறக்கணிக்க முடியாத ஏடு ஒன்று நம் கையில் இருக்கும்.

மதுரையின் அல்லங்காடி இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஒருவர் அதன் இரவைக் கண்விழித்துப் பார்த்துப் பாடி வைத்தார் என்பதே. நமக்குச் சோறும் கல்வியும் தரும் இந்நகரின் இரவை நாமும் கண்விழித்துப் பார்த்து எழுதிவைப்போம்.