மந்தைக்கு வரும் நூலகம்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துத் திருவாதவூரில் ஒருவர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் வீட்டு வரி கட்டினால், நூலக வரியும் அதோடு சேர்ந்து வசூலாகும். ஒரு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்துக் காசு. ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிற பலரும் அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பத்துக் காசுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம். சட்டத்துக்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் ஒரு மாநிலம் நூலகத்துக்கென்று இயற்றிய முதல் சட்டம் அது. ஊராட்சியில் வசூலாகும் நூலக வரி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆக, கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் நூலகத்தில் பங்கு உண்டு. அவன் வீட்டில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்கள். மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் சிறுவர்களோடும் இளைஞர்களோடும் வேலை செய்கிற நூலகர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பது நாம் செய்கிற தயவில்லை, அவர்கள் உரிமை. இது மனத்தில் பதிந்துவிட்டால், நூலகர் பேசுகிற விதமே மாறிவிடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பங்குதாரர்கள் நூலகத்துக்கு வருவதில்லை. ஊர்ப்புற நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். மணி அடித்ததும் சிலர் டியூஷனுக்கு, சிலர் மாடு பிடித்துக் கட்ட, பெண் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்க. பல நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பதே பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. பள்ளி வாசலிலும் டீக்கடைச் சுவரிலும் ‘ஞாயிற்றுக்கிழமை நூலகம் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டினாலே சில புது முகங்கள் வரும். செலவு ஒரு சார்ட் அட்டை.

அதற்கு மேல் வேண்டுமென்றால் நூலகர்தான் வெளியே போக வேண்டும். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி, மேலவாசல் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். ரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ புத்தகமாக வந்ததும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அந்த விதிகளில் ஒன்று. ஒருவர் அதை எழுதினார். இன்னொருவர் அதை வண்டியில் ஏற்றினார். இரண்டும் சேர்ந்தால்தான் நூலகம்.

இன்றைக்கு மாட்டு வண்டி வேண்டாம். டி.வி.எஸ். வண்டியில் ஒரு கட்டைப்பை போதும். எங்கே போவது என்பதில்தான் யோசனை வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போனால், அங்கே கொடுக்கிற புத்தகமும் பாடப் புத்தகத்தின் நிழலில் விழுந்துவிடும். இந்தப் பகுதியில் பலன் தந்த இடங்கள் வேறு. முதலாவது, ஊர்ப் பொதுவெளியான மந்தை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எல்லா வயதுப் பிள்ளைகளும் அங்கேதான். அடுத்தது, நூறு நாள் வேலை நடக்கிற இடம். அம்மாமார் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் போய், பிள்ளைக்கு வாசித்துக் காட்டக்கூடிய படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால், “எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி” என்பார் ஒருவர். “படத்தைப் பார்த்து நீங்களே கதை சொல்லுங்க அக்கா” என்றால் போதும், பக்கத்தில் இருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அங்கன்வாடி, ரேஷன் கடை வரிசை, திருவிழா ஆகியவையும் உண்டு. வைகாசியில் திருவாதவூர்த் திருமறைநாதர் மேலூருக்கு எழுந்தருளும் நாள்களில் சுற்றுப்பட்டி மொத்தமும் திரண்டு நிற்கும். நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்களிடம் சொல்லி வைத்து, ஒரு பெஞ்சில் புத்தகம் பரப்பினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

வெளியே போக நூலகர் தயங்குவதற்குக் காரணம் சோம்பல் என்று சிலர் பேசுவது அநியாயம். உண்மையான காரணம் இருப்புச் சரிபார்ப்பு. புத்தகம் தொலைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டி வருமோ என்ற பயம். அந்தப் பயம்தான் பளபளப்பான சிறுவர் நூல்களைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறது. மூலை மடங்காத, பிசுக்குப் படாத குழந்தைப் புத்தகம் பதிவேட்டில் இருக்கும்; எந்தப் பிள்ளையின் தலையிலும் இருக்காது.

இந்தப் பயத்தை உலகத்தில் எல்லா ஊரிலும் ஒரு காலத்தில் நூலகர்கள் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் 1906இல் சிறுவர் பிரிவுப் பொறுப்புக்கு வந்த ஆன் கரோல் மூர், ‘சத்தம் போடாதே’ பலகைகளை எடுக்கச் செய்தார். பிள்ளைகளிடம் ஒரு பெரிய பதிவேட்டில் உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்து வாங்கி, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். தன் பெயரைத் தானே எழுதிப் பொறுப்பேற்ற பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்பது அவர் நம்பிக்கை. அதே நூலகத்தில் 1921இல் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு மொழியான ஸ்பானிய மொழியில் கதை சொன்னார், பொம்மலாட்டம் நடத்தினார். தேவாலயத்துக்கும் குடியிருப்புகளுக்கும் போய்ப் பேசினார். பிள்ளைகளின் பேச்சு மொழியில் கதை சொல்வதும், அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவதும் இரண்டு தனித்தனி உத்திகள் அல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. மேலூர்த் தமிழில் கதை சொல்லத் தயங்குகிற நூலகருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து நோட்டு இங்கேயும் வேலை செய்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, வீதிக்கொரு பொறுப்பாளர். பொறுப்பாளர் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டும். வெளியே எடுத்துப் போகும் பையில் நன்கொடையாக வந்த புத்தகங்களையும் விலை குறைந்த மெல்லிய புத்தகங்களையும் வைத்துக்கொண்டால் பயமும் குறையும். ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். வெளிநாட்டிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். பொது நூலகத் துறையின் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். நடக்க முடியாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளை அந்தத் தன்னார்வலரிடம் முதலில் காட்ட வேண்டியது உள்ளூர் நூலகரின் கடமை.

சின்னப் பிள்ளைகளை இழுப்பது எளிது. பதினான்கு வயதுக்கு மேல்தான் கஷ்டம். நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, சிறுவர் நூலகச் சேவையைப் பிறந்த குழந்தையிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரே இழையாகப் பிடிக்கிறது. நம் ஊர்களில் அந்த இழை ஒன்பதாம் வகுப்பில் அறுந்துபோகிறது. பிறகு அந்தப் பையன் திரும்பி வருவது குரூப் 4 தேர்வுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை பழைய பாடப் புத்தகங்கள் முழு வரிசையாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருவான். அதை வாங்கி அடுக்கி வைப்பது கட்டாயம். அதை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். தேர்வுக்கு வந்தவனை வாசகனாக்குகிற வாய்ப்பு, அவன் ஓய்வெடுக்க எழுந்து அலமாரிப் பக்கம் நடக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. அவன் நடக்கிற வழியில் என்ன புத்தகம் அட்டை தெரிய நிற்கிறது என்பதை நூலகர் தீர்மானிக்கலாம்.

இளைஞர்கள் தாமாகவே தகவல் தேடி வருகிற காலமும் உண்டு. அதற்கு இந்த வட்டாரமே சாட்சி. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர். லகர் வல்லூறு உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, குடைவரைக் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டு எல்லாம் ஒரே மலையடியில். 2024 நவம்பரில் இந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் ஊர் கொதித்தது. கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம், மக்களின் நெடும் ஊர்வலம், கடைசியில் 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மூன்று மாதமும் மேலூர்ப் பிள்ளைகளின் செல்போனில் ஓடியது இதுதான். டங்ஸ்டன் என்றால் என்ன, ஏல அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது, பல்லுயிர்த் தலத்துக்குச் சட்டத்தில் என்ன காப்பு என்று கேள்விகள் குவிந்தன. ஒரு கோப்பு போதும்: அரசாணை நகல், செய்தித்தாள் நறுக்குகள், பறவைப் பட்டியல், கல்வெட்டு பற்றிய ஒரு நூல். பக்கம் சேராமல் இருதரப்பு ஆவணங்களையும் சேர்த்து வைக்கிற இடம் ஊரில் நூலகத்தைத் தவிர வேறு எது?

திருவாதவூருக்கும் அப்படி ஒரு கோப்பு வேண்டும். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஓவாமலையில் தமிழ் பிராமி எழுத்து இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போய், பானை ஓட்டில் எழுத்தைப் பார்த்து வாய் பிளந்த பிள்ளைகளை, தங்கள் ஊர் மலைக்குக் கூட்டிப்போய் அதே எழுத்தைக் காட்டலாம். தொல்லியல் துறையின் விதிகளை மதித்து, தொடாமல், பெரியவர்கள் துணையோடு. திரும்பி வந்ததும் எழுத்து அட்டவணை ஒன்றைக் கொடுத்து அவரவர் பெயரை எழுதச் சொன்னால், அன்றைக்கு நூலகத்தை மூடுவதுதான் சிரமம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு நூலகத்துக்கு வருவது நின்றுபோகிற பெண்கள் பலர். காரணத்தை நேராகக் கேட்டால் பதில் வராது. விளக்கு இல்லாத தெரு, கழிப்பறை இல்லாத கட்டடம், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் என்பவைதான் பெரும்பாலும். வாரத்தில் ஒரு மாலை வாசலைக் காலியாக வைக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டால் மாற்றம் தெரியும். திடீரென்று வராமல் போன மாணவியைப் பற்றி அவள் தோழியிடமோ வகுப்பாசிரியரிடமோ விசாரிப்பதும் நூலக வேலைதான். குழந்தைத் திருமணம், வன்முறை என்று தெரிய வந்தால் தானே பஞ்சாயத்துப் பேசப் போகக் கூடாது; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். அந்த எண் நூலகச் சுவரில் பிள்ளைகள் கண்மட்டத்தில் இருக்கட்டும்.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய வளங்கள் பலவும் இலவசம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015இல் தொடங்கியது. அதில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இருக்கின்றன, அச்செடுத்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்தன. அவற்றில் ‘நுழை’ நூல்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் வெட்கமில்லாமல் கொடுக்கக்கூடியவை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும், பள்ளிகளுக்கு வருகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் உண்டு. மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவை ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய கட்டடம் நம்மிடம் இல்லை என்று பெருமூச்சு விட அல்ல. அலமாரியின் உயரம், தரையில் உட்காரும் இடம், அட்டை தெரிய அடுக்கும் முறை ஆகிய மூன்றையும் சிற்றூரில் அப்படியே செய்யலாம்.

இந்த வளங்களில் இல்லாதது ஒன்றுதான்: சிறுவர் நூலகருக்கென்று தமிழில் தொடர்ந்த பயிற்சி. டாடா அறக்கட்டளையின் பராக் அமைப்பு நூலகக் கல்வியாளர் பயிற்சியை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடத்திவருகிறது. நூலக அறிவியல் பட்டப் படிப்பில் வகைப்படுத்தவும் அட்டவணைப்படுத்தவும் கற்றுக்கொடுக்கிறார்கள். மந்தையில் முப்பது பிள்ளைகள் நடுவில் கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரமும் வருவார்கள் என்று யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அப்படி ஒரு பயிற்சி வரும்வரை நூலகர்கள் தங்களுக்குள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மேலூர் வட்டத்து நூலகர்கள் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு நூலகத்தில் கூடி, ஆளுக்கொரு கதையைச் சொல்லிக் காட்டி, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பேசினாலே பாதிப் பயிற்சி முடிந்தது. வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலத்தில் வீதியில் பாடியவர்களும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டால் ஒரு மாலை போதாது.

தேதிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 நூலகர் நாள். அதுவே உலக இளைஞர் நாளும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், குழந்தைகள் நாளில் தொடங்குகிறது. அந்த வாரத்துக்கு முன்னால் நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை இருக்கிறது. நூலகத்துக்குக் கழிப்பறை, தெருவிளக்கு, சிறுவர் பகுதிக்கு மின்விசிறி என்ற கோரிக்கையை அந்தச் சபையில் பெரியவர்கள் வைப்பதைவிட, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்கட்டும். கையில் அவள் வீட்டு வரி ரசீது இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று அடுத்த நாளே ஊராட்சிச் செயலரிடம் கேட்டு, நகல் வாங்கி, நூலகக் கோப்பில் சேர்த்துவிடுவது நூலகரின் வேலை.