காலைத் தட்டில் ஒளிந்திருக்கும் கோதுமை

எங்கள் சின்னவளுக்கு, கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று தெரிந்ததும், கோதுமையை நிறுத்தினால் போதும் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தி, பூரி, ரவா உப்புமா எல்லாம் அன்றே நின்றன. அவளுடைய வயிற்றுவலி மட்டும் நிற்கவில்லை. அணுபுரம் வீட்டில் காலைச் சாப்பாட்டை ஒவ்வொரு பொருளாக அலசியபோது தெரிந்துகொண்டவை இவை.

1. கார்ன்ஃப்ளேக்ஸ் மக்காச்சோளத்தில் செய்வதுதான். ஆனால் சுவைக்காகச் சேர்க்கும் மால்ட் சாறு பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது. பார்லியிலும் குளூட்டன் உண்டு. டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். கோதுமை, பார்லி, மால்ட் என்று எது இருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வாசகம் உள்ளதையே வாங்குங்கள்.

2. ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். சாதாரணப் பாக்கெட் வேண்டாம். சுத்தமான ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

3. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன. ராகி மால்ட் வேறு. அது முளைகட்டிய கேழ்வரகு. கடையில் வாங்கினால் வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைச் சத்துமாவில் கோதுமை அநேகமாக இருக்கும்.

4. எங்களைப் பல வாரம் அலையவிட்டது பெருங்காயம்! கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துத்தான் தூளாக்குகிறார்கள், கட்டியாக்குகிறார்கள். வெண்பொங்கல், சாம்பார், சட்னித் தாளிப்பு என்று தினமும் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் உண்டு; தேடி வாங்குங்கள். கிடைக்கும்வரை இஞ்சி, சீரகம், பூண்டு போதும். பொங்கல் மணக்காமல் போகாது.

5. ராகி சேமியா, தினை நூடுல்ஸ் என்ற பெயரை நம்பாதீர்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இடியாப்பத்தை வீட்டில் பிழிவதே நிம்மதி.

6. மாவு மில்லில் நமக்கு முன்னால் அரைத்தது கோதுமை என்றால், நம் அரிசி மாவிலும் அது இருக்கும். 'முதல் ஈடாக அரைத்துக் கொடுங்கள்' என்று கேட்டும் பயனில்லை. நேற்றைய மாவு இயந்திரத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். கேழ்வரகையும் கம்பையும் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். வேலைதான், ஆனால் பயமில்லை.

7. டப்பா சீரியலுக்கு ஏங்கும் குழந்தைக்கு: கெட்டி அவல் 2 கைப்பிடியை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, உடைத்த வெல்லம் கலந்து டப்பாவில் போட்டு வையுங்கள். காலையில் பாலும் வாழைப்பழமும் சேர்த்தால் சின்னவள் கிண்ணத்தை வழித்துவிடுகிறாள். வாங்கும் அவல், கோதுமை ரவை மூட்டைக்குப் பக்கத்தில் திறந்துகிடந்ததாக இருக்கக்கூடாது.

8. மாமல்லபுரம் பக்கம் வெளியே சாப்பிட நேர்ந்தால் தோசை வேண்டாம்; ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே அதையும் ஊற்றுவார்கள். இட்லி பரவாயில்லை. சாம்பார், சட்னிக்குப் பதில் வீட்டு மிளகாய்ப்பொடியையும் நல்லெண்ணெயையும் கையோடு கொண்டுபோங்கள். அந்தப் பொடியிலும் பெருங்காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவா, சேமியா, கோதுமை ரவை உப்புமாவும் கிச்சடியும் உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் மருத்துவரின் சீட்டோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். வீட்டிலிருந்து டப்பா கொடுத்தனுப்ப அனுமதி கேளுங்கள்.

10. சந்தேகம் என்றதும் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். அதை வழக்கம்போலச் சாப்பிட்டுவரும் நாட்களில் ரத்தப் பரிசோதனை செய்தால்தான் முடிவு சரியாகத் தெரியும். கூடப் பிறந்தவர்களுக்கும் செய்துவிடுங்கள். எங்கள் பெரியவனுக்கு எடுத்தோம், அவனுக்கு இல்லை. அவன் இன்னும் சப்பாத்தி சாப்பிடுகிறான், தனிக் கல்லில் சுட்டு, தனித் தட்டில்.